முதலில் பிரேக், கடைசியில் பெயின்ட்

திருவல்லிக்கேணியில் பழைய காரைச் சீர்செய்ய நினைப்பவருக்கு இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று கடல், மற்றது இடம். மெரினாவிலிருந்து வரும் உப்புக்காற்று பெரிய தெரு, சிங்கராச்சாரி தெரு வரை தாராளமாக நுழைகிறது. தகரத்தின் மடிப்புகளில் படிந்து, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, உள்ளிருந்தே அரிக்கிறது. தெருக்களோ ஒரு கார் நின்றாலே எதிரே வரும் ஆட்டோ காத்திருக்க வேண்டிய அகலம்தான்.

ஆனால் இந்தப் பேட்டைக்கு வாய்த்த வசதி வேறு பல ஊர்களுக்கு இல்லை. அண்ணா சாலையைக் கடந்தால் உதிரிபாகக் கடைகள் வரிசைகட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. கூவத்தைத் தாண்டினால் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டை. டைனமோவுக்குக் காயில் கட்டுபவர், ரேடியேட்டர் ஓட்டையை ஈயம் வைத்து அடைப்பவர், லேத் பட்டறைக்காரர், பிரேக் லைனிங் ஒட்டுபவர் எல்லாரும் சைக்கிளில் போய்வரும் தூரத்தில் இருக்கிறார்கள். கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் தேவையில்லை.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். வண்டி கைக்கு வந்த முதல் மாதமே பெயின்டரிடம் விடுவார்கள். பளபளப்பாகத் திரும்பி வரும். பிறகு பிரேக்கைத் தொடும்போது பிரேக் ஆயில் சிந்தி, புது பெயின்ட் கொப்பளித்து உரியும். அடித்தளத்தில் வெல்டிங் வைக்கும்போது பொறி பறந்து கண்ணாடியில் புள்ளி விழும். இன்ஜினைத் தூக்கும்போது சங்கிலி பட்டு மட்கார்டில் கீறல் விழும். கையிருப்புப் பணம் வெளித்தோற்றத்திலேயே தீர்ந்துபோக, ஓடாத அழகான கார் வாசலில் நிற்கும். காகிதம், பிரேக், இன்ஜின், வயரிங், தகரம், பெயின்ட் என்ற வரிசையைக் காப்பாற்றினால் பாதி வேலை முடிந்த மாதிரி. இந்த அத்தியாயம் அந்த வரிசையிலேயே போகிறது.

சென்னையில் செய்த கார்

பழைய கார் என்றதும் அரச குடும்பத்து ரோல்ஸ் ராய்ஸ் நினைவுக்கு வரலாம். கற்றுக்கொள்பவருக்குத் தேவை, பாகம் கிடைக்கிற, தவறு செய்தாலும் திருத்த முடிகிற எளிய வண்டி. சென்னைக்கு அப்படிச் சொந்தமாகவே ஒன்று உண்டு: ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

இந்த ஊரின் மோட்டார் தொழிலுக்கு வயது நூற்றுக்கு மேல். சிம்சன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் 1903-இலேயே நீராவிக் கார் ஒன்றை உருவாக்கினார். 1948-இல் எண்ணூரில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் ஏ40 கார்களை இங்கே பூட்டி விற்றது. பின்னர் லாரிப் பக்கம் திரும்பி அசோக் லேலண்ட் ஆனது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொடங்கியதும் அதே 1948-இல்தான். வண்டலூர்ப் பக்கம் இருந்த அதன் தொழிற்சாலையிலிருந்து வேன்கார்டும் ஸ்டாண்டர்டு டென்னும் வந்தன. 1961 முதல் ஹெரால்டு வந்தது. 948 சி.சி., நான்கு சிலிண்டர், நான்கு கியர். 1960களின் பிற்பகுதியில் நான்கு கதவு ஹெரால்டையும் சென்னைக்காரர்கள் கொண்டுவந்தார்கள். பிரிட்டனில் அப்படி ஒரு ஹெரால்டு விற்பனைக்கு வந்ததே இல்லை. 1972-இல் அதன் அடுத்த வடிவமான கெஜல் வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கார் உற்பத்தி நின்றுவிட்டது. 1985-இல் வந்த ஸ்டாண்டர்டு 2000-உம் நெடுநாள் நீடிக்கவில்லை.

ஹெரால்டு புதியவருக்கு ஏன் ஏற்றது என்பதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. பிரிட்டனில் ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் நிறுவனத்துக்கு பாடி செய்துகொடுத்து வந்த தொழிற்சாலை 1950களில் போட்டியாளரான பி.எம்.சி.யின் கைக்குப் போனது. முழு பாடியை ஒரே இடத்தில் செய்ய வழியில்லை. ஆகவே தனிச் சேஸி வைத்து, பானெட், முன்பகுதி, பின்பகுதி, கூரை என்று பிரித்துச் செய்து போல்ட் போட்டுப் பூட்டும் வகையில் காரை வடிவமைத்தார்கள். தோற்றத்தை வரைந்தவர் இத்தாலியின் ஜொவான்னி மிக்கெலோட்டி. போல்ட் போட்டுப் பூட்டியதைப் போல்ட் கழற்றிப் பிரிக்கலாம். பானெட்டோ முன்சக்கர மட்கார்டுகளையும் சேர்த்துக்கொண்டு முதலை வாய் பிளப்பதுபோல முன்பக்கம் சாய்ந்து திறக்கும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். 25 அடி விட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும் என்பது திருவல்லிக்கேணித் தெருக்களுக்குக் கூடுதல் லாபம்.

ஹெரால்டு அகப்படாதவர் அம்பாசடரையோ பிரீமியர் பத்மினியையோ எடுக்கலாம். அம்பாசடர் 1957 முதல் 2014 வரை வந்ததால் பாகத்துக்குப் பஞ்சமே இல்லை. பத்மினி, 1,089 சி.சி. ஃபியட் இன்ஜின் கொண்ட கெட்டிக்கார வண்டி. ஆனால் இந்த இரண்டிலும் தனிச் சேஸி கிடையாது, பாடியேதான் எலும்புக்கூடு. அடித்தளம் துருப்பிடித்தால் வண்டியின் பலமே போனது என்று பொருள். அந்த வெல்டிங் கைதேர்ந்தவர் செய்ய வேண்டியது.

காகிதம் பார்க்காமல் முன்பணம் வேண்டாம்

இன்ஜினைத் திறந்து பார்க்கும் முன் ஆர்.சி. புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். சேஸி எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று சரிபார்ப்பது முதல் வேலை. பழைய வண்டிகளில் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் பூட்டியிருப்பார்கள். அம்பாசடரில் இது மிகச் சாதாரணம். அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தாத்தா பெயரில் இருக்கும் வண்டியைப் பேரன் சீர்செய்ய நினைப்பது இந்தப் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் விஷயம். உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். விலைக்கு வாங்குவதானால் படிவம் 29-உம் 30-உம். சொந்த உபயோகக் காரின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். பதிவு காலாவதியாகி எத்தனை ஆண்டாயிற்று, அதற்கு அபராதம் எவ்வளவு என்பதை விலை பேசும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது பணத்தை மிச்சப்படுத்தும்.

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதிகளை அறிவித்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேஸி, பாடி, இன்ஜின் மூன்றும் பெரிய மாற்றமின்றி மூல வடிவில் இருந்தால் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட தனி எண் கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் என்று அந்த அறிவிப்பு வகுத்தது. பதிவு 10 ஆண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பதால், எம்.எஸ். என்று தொடங்கும் அந்தக் கால மெட்ராஸ் எண்ணை இழக்க வேண்டியதில்லை.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். தினமும் அடையாறு வரை ஓட்டிப்போய் வேலை பார்க்க நினைப்பவர் சாதாரணப் பதிவிலேயே இருப்பது நல்லது. எந்தப் பதிவானாலும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம்.

துரு எங்கே ஒளியும்?

பகல் வெளிச்சத்தில், காய்ந்த வண்டியைப் பார்க்க வேண்டும். கையில் ஒரு சின்னக் காந்தம், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு டார்ச் போதும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி பாடி முழுக்க நகர்த்தினால், அது ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவுகள், முன் கண்ணாடிக்குக் கீழே, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி ஆகியவை துருவின் நிரந்தர முகவரிகள். தரைவிரிப்பைத் தூக்கித் தரைத் தகரத்தையும் பார்க்காமல் விடக்கூடாது.

ஹெரால்டில் கூடுதலாகப் பார்க்க வேண்டியது சேஸி. நடுவே ஓடும் இரண்டு முதன்மைச் சட்டங்கள் பெரும்பாலும் உறுதியாக இருக்கும். அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் கைகள்தான் முதலில் அழுகும். ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பார்த்து, உள்ளே இறங்கினால் அந்தக் கை போய்விட்டது. மாற்றலாம், ஆனால் விலையில் அதைக் கழித்தே பேச வேண்டும்.

சென்னைக்கென்று இன்னொரு சோதனை உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயல் மழையிலும் ஏராளமான கார்கள் மூழ்கின. சீட்டுக்கு அடியில் வண்டல் கோடு, ஹெட்லைட் உள்ளே மண், டாஷ்போர்டு மீட்டருக்குள் ஈரக்கறை இருந்தால் அது தண்ணீரில் நின்ற வண்டி. அப்படிப்பட்டதை முதல் வண்டியாக எடுக்க வேண்டாம்.

இடமும் கருவியும்

தெருவில் வைத்து இன்ஜினை இறக்க முடியாது, கூடவும் கூடாது. அக்கம்பக்கத்தாருக்கும் தொந்தரவு, வேலைக்கும் ஆபத்து. பெரிய வேலைகளுக்கு ராயப்பேட்டை, புதுப்பேட்டைப் பக்கத்துப் பட்டறைகளில் இடம் பேசிக்கொள்ளலாம். தானே வேலை செய்யவும் கூட நின்று பார்க்கவும் அனுமதிப்பாரா என்று மெக்கானிக்கிடம் முன்பே கேட்டுவிட வேண்டும். நேரம் எடுத்துக் கற்றுக்கொடுக்கும் மூத்த மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். அவர் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்பது கற்கிறவர் செலுத்தும் கட்டணம். வீட்டு வாசலில் செய்ய வேண்டியது பிளக், பாயிண்ட், கார்புரேட்டர், வயரிங் போன்ற கையடக்க வேலைகளை மட்டுமே.

கருவி வாங்கும்போது எம்.எம். ஸ்பேனர் செட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடக்கூடாது. ஹெரால்டும் பெட்ரோல் அம்பாசடரும் பிரிட்டிஷ் வடிவமைப்புகள். அவற்றில் 7/16, 1/2, 9/16 என்று இன்ச் அளவுகள் வரும். எம்.எம். ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் நட்டின் மூலை தேய்ந்து வழுக்கும். பத்மினி இத்தாலிய வடிவமைப்பு, அதற்கு எம்.எம்.தான். இன்ச் ஸ்பேனர், ரிங் ஸ்பேனர், சாக்கெட் செட், ஃபில்லர் கேஜ், டெஸ்ட் லேம்ப், பழைய டூத் பிரஷ் இவ்வளவும் இருந்தால் ஆரம்பிக்கலாம். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் கைபேசியில் படமெடுத்து, நட்டு போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டு, எந்த இடத்துக்குரியது என்று தமிழில் எழுதி ஒட்டிவைப்பது பிற்பாடு பெரிய உதவி. பைகிராப்ட்ஸ் ரோட்டின் பழைய புத்தகக் கடைகளில் மோட்டார் கையேடுகளைத் தேடிப் பார்ப்பதும் வீண்போகாது. பிரிட்டனில் டிரையம்ஃப் பெயரில் வந்த ஹெரால்டுக்கென ஹேய்ன்ஸ் வெளியிட்ட கையேடு இன்றும் மெக்கானிக்குகள் கேட்கும் புத்தகம்.

இரண்டு பாதுகாப்பு விதிகளில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கடியில் யாரும் படுக்கக்கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு. அடுத்தது, பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் பிளேட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மில் சேர்ந்த தூளை ஏர் வைத்து ஊதினால் நேராக நுரையீரலுக்குப் போகும். முகக்கவசம் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டி எறிய வேண்டும்.

நிற்கக் கற்றுக்கொடுத்த பிறகு ஓட்டம்

ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியைக் கிளப்பிப் பார்க்கும் ஆசை எவருக்கும் வரும். கிளம்பிய வண்டியை நிறுத்த முடியுமா என்பதற்கு அதற்கு முன்பே பதில் இருக்க வேண்டும். அந்தக் காலத்துப் பிரேக் ஒரே சுற்று. நான்கு சக்கரத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஆயில் போகிறது. எங்கோ ஒரு ரப்பர் கிழிந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது.

டிரம்மைக் கழற்றினால் உள்ளே வீல் சிலிண்டரும் லைனிங்கும் தெரியும். லைனிங் ஆயிலில் ஊறியிருந்தால் கழுவிப் பயனில்லை, புதிது ஒட்ட வேண்டும். வீல் சிலிண்டரின் உட்சுவரில் துருக்குழி இருந்தால் புது ரப்பர் போட்டாலும் கசியும். லேத்தில் கொடுத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் போடலாம், அல்லது சிலிண்டரையே மாற்றலாம். ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ஊதி அடைத்திருக்கும். வயது தெரியாத ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுவதே சிக்கனம். வீல் சிலிண்டர் ரப்பரைப் பெட்ரோலிலோ இன்ஜின் ஆயிலிலோ கழுவினால் அது உப்பிக் கெட்டுவிடும். பிரேக் ஆயிலில்தான் கழுவ வேண்டும். ஏர் எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குவது முறை. நம் வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகளில் அது இடப்பக்கப் பின்சக்கரம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. கடலோர ஊரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

முன்சக்கரங்களைக் கழற்றியிருக்கும்போதே ஹெரால்டின் தனிச்சிக்கல் ஒன்றையும் பார்த்துவிடலாம். முன் சஸ்பென்ஷனின் கீழ்முனையில் ட்ரன்னியன் என்ற வெண்கலப் பாகம் இருக்கிறது. ஸ்டியரிங் திரும்பும்போது இரும்புத் தண்டு இதற்குள் மரையில் சுழல்கிறது. இதற்குப் போட வேண்டியது 90-ஆம் எண் கியர் ஆயில். பலரும் கிரீஸ் கன்னை வைத்து கிரீஸை அடைத்துவிடுகிறார்கள். கிரீஸ் மரைக்குள் போய்ச் சேராமல் இறுகுகிறது. ஈரம் புகுந்து தண்டை அரிக்கிறது. ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் சாய்ந்துவிடுகிறது. பிரித்து, துடைத்து, ஆயில் விட்டுப் பூட்ட அரைநாள் போதும். ஹெரால்டு வைத்திருப்பவர் இந்த வேலையை ஒருபோதும் தள்ளிப்போடக்கூடாது.

இன்ஜினை எழுப்புவது

நெடுநாள் நின்ற இன்ஜினுக்கு நேராக ஸ்டார்ட்டர் கொடுத்தால் காய்ந்த ரிங் சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது இன்ஜின் ஆயில் விட்டு ஓர் இரவு ஊற விட வேண்டும். மறுநாள் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றினால் நல்லது, இறுகியிருந்தால் இன்னும் ஊறட்டும், பலம் காட்டக்கூடாது. டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை முழுதும் வடித்து, டேங்கைக் கழற்றிக் கழுவி, இன்ஜின் ஆயிலை மாற்றி, ரேடியேட்டரில் தண்ணீர் ஓட்டம் சரிதானா என்று பார்ப்பது அடுத்த கட்டம். பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டர் கொடுத்து ஆயில் விளக்கு அணைகிறதா என்று பார்த்த பிறகுதான் பிளக்கைப் பூட்ட வேண்டும்.

இனி நெருப்பு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் இருக்கும் பாயிண்ட் கறுத்திருக்கும். மெல்லிய அரத்தால் தேய்த்து, இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வைக்க வேண்டும். பிளக் இடைவெளி 0.025 அங்குலம். டேப்பெட் இடைவெளி, இன்ஜின் ஆறியிருக்கும்போது, ஹெரால்டின் 948 சி.சி. இன்ஜினுக்கு 0.010 அங்குலம். சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-3-4-2. அம்பாசடருக்கும் பத்மினிக்கும் இதே வரிசைதான். கிளம்பாத வண்டிகளில் பலவற்றின் நோய் இந்தச் சின்ன எண்களிலேயே தீர்ந்துவிடும்.

இன்ஜின் ஓடியபின் கம்ப்ரெஷன் பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால், அளவு சற்றுக் குறைந்திருந்தாலும் கவலையில்லை. ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்தால் அதில் சிறிது ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண் ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. ரீபோர் செய்ய வேண்டுமா, ஹெட் வேலை மட்டும் போதுமா என்பதை இந்த ஒரு சோதனை சொல்லிவிடும்.

ஹெட்டைக் கழற்றுவதானால் கூடவே ஒரு வேலையை முடித்துவிடலாம். இந்த இன்ஜின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டோடு ஈயப் பெட்ரோல் நின்றது. ஈயம் இல்லாமல் எக்ஸாஸ்ட் வால்வு சீட் சீக்கிரம் குழிவதால், கடினமான உலோகத்தில் சீட் போட்டுக்கொள்வது நல்லது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃபிரத்தையும் கரைத்து இளக்கும், ஈரத்தை இழுத்து டேங்கைத் துருவாக்கும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸும் டயாஃபிரமும் போட்டு, வாரக்கணக்கில் வண்டியை நிறுத்துவதானால் டேங்கில் பெட்ரோலைத் தேங்க விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வயரிங்கில் கைவைக்கும் முன் பேட்டரியின் எந்த முனை பாடியோடு இணைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் முனையை எர்த்தாக வைத்திருப்பார்கள். வழக்கப்படி நெகட்டிவை எர்த் கொடுத்தால் டைனமோவும் கட்-அவுட்டும் பாதிக்கப்படும். ஃபியூஸ் மிகக் குறைவான வண்டிகள் இவை; பேட்டரியைத் துண்டிக்க ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வைப்பது சில நூறு ரூபாயில் தீ விபத்தைத் தடுக்கும்.

கையில் பழசு, கடையில் புதுசு

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கவுன்டர் முன் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித் தொடங்கும்:

"பாய், ஹெரால்டு வீல் சிலிண்டர் கிட் இருக்கா?"

"முன்னாடியா, பின்னாடியா தம்பி? பழசு கொண்டாந்திருக்கியா?"

பழையதைக் கொண்டுபோகாதவருக்குப் பாதி நாள் வீண். பெயரைவிட அளவும் வடிவமும்தான் கடைக்காரருக்கு மொழி. வேறு வண்டியின் பாகமே பொருந்தும் என்று அவர் எடுத்துப்போடும்போது அந்த அறிவுக்கு விலையே கிடையாது. லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, இந்தியா பிஸ்டன்ஸ் என்று சென்னையின் பாடியிலும் செம்பியத்திலும் வளர்ந்த நிறுவனங்களின் பெயர் பொறித்த பழைய இருப்புப் பாகங்கள் எப்போதாவது பெட்டி பிரிக்காமலே கிடைக்கும். கிடைத்தால் இரண்டாக வாங்கி வைப்பது வழக்கம்.

புதுப்பேட்டையில் வேறு விதி. அங்கே கிடைப்பது பழைய வண்டியிலிருந்து கழற்றியது. கதவு, கைப்பிடி, கண்ணாடி, கியர்பாக்ஸ் போன்றவற்றுக்கு அது சரியான இடம். பிரேக் ரப்பர், ஸ்டியரிங் ஜாயிண்ட், டயர் போன்ற உயிர் சம்பந்தப்பட்டவற்றைப் பழையதாக வாங்கக்கூடாது. இன்ஜின் வாங்கினால் எண் தெளிவாக இருக்க வேண்டும், பில் கட்டாயம் வேண்டும். தேய்த்தழித்த எண் கொண்ட இன்ஜின் எவ்வளவு மலிவானாலும் காவல் நிலையம் வரை இழுக்கும்.

இரண்டு இடத்திலும் கிடைக்காத ஹெரால்டு பாகத்துக்கு இன்னொரு வழி உண்டு. இதே அடிப்படையில் உருவான டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1980 வரை வந்தது. அதை விரும்புவோர் உலகெங்கும் இருப்பதால் ட்ரன்னியன், புஷ், ரப்பர் போன்ற பல பாகங்கள் பிரிட்டனில் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. தபால் செலவும் சுங்கமும் சேரும் என்பதால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வரவழைப்பது கட்டுப்படியாகும்.

தகரம், பட்டி, பெயின்ட்

வண்டி ஓடி, நின்று, சூடாகாமல் சில வாரம் பழகிய பிறகே டிங்கரிங். துருவின் மேல் பட்டி வைத்து மூடுவது மலிவான வழி. அடுத்த மழைக்காலத்தில் கொப்பளித்து வெளியே வரும். அழுகிய தகரத்தை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்து, சுத்தியால் தட்டி நேராக்கி, பிசிறு மறைய மட்டும் மெல்லிய பட்டி வைக்க வேண்டும். டிங்கரிடம் வேலையைக் கொடுக்கும்போது 'பெயின்டுக்கு முன் வெறும் தகரத்தில் நான் பார்க்க வேண்டும்' என்று ஒரு நிபந்தனை போட்டுவிட்டால் வேலையின் தரமே மாறும்.

கதவுக்குள்ளும் சட்டங்களுக்குள்ளும் துருத் தடுப்பு மெழுகை அடிப்பதும், கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை அடைக்காமல் விடுவதும் திருவல்லிக்கேணி வண்டிக்கு மிக அவசியம். நவம்பர், டிசம்பர் மழையில் பெயின்ட் வேலை வைக்க வேண்டாம். ஈரக்காற்றில் பெயின்ட் வெளுத்து மங்கும். தை பிறந்தபின் காய்ந்த நாட்களில் வைப்பதே முறை.

சாலைக்கு வந்தபின்

முதல் ஓட்டம் விடிகாலையில், கடற்கரைச் சாலையில், குறைந்த வேகத்தில் இருக்கட்டும். வீடு திரும்பியதும் நான்கு சக்கர டிரம்மையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஹெரால்டின் பின்சக்கரங்கள் வளைவில் தனித்தனியே சாயும் அமைப்பு கொண்டவை. வேகமாக வளைவில் நுழைந்து நடுவில் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் வழுக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகிறவர்கள் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் நெரிசலில் நின்று பெட்ரோல் பைப்பில் ஆவி அடைத்துக்கொண்டால், வண்டியை ஓரம்கட்டி, பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருந்தால் கிளம்பிவிடும்.

சரியாகச் சீர்செய்த வண்டி எப்படி இருக்கும் என்பதைக் கண்ணால் பார்ப்பது எந்தப் புத்தகமும் தராத பாடம். வடபழனியில் ஏ.வி.எம். ஸ்டுடியோ வளாகத்தில் 2023-இல் திறந்த அருங்காட்சியகத்தில் பழைய கார்களின் பெரிய தொகுப்பு இருக்கிறது. கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் ஜீடீ கார் அருங்காட்சியகம், கார் தொழில்நுட்பம் எப்படி வளர்ந்தது என்பதையே வரிசையாகக் காட்டுகிறது. சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப்பும், ஹிஸ்டாரிக்கல் கார் அசோசியேஷன் ஆஃப் இந்தியாவும் நடத்தும் பேரணிகளுக்குப் போய் உரிமையாளர்களிடம் பேசினால், எந்த வேலைக்கு யார் கைராசிக்காரர் என்ற விவரம் கிடைக்கும்.

ஹெரால்டு செய்த தொழிற்சாலை இன்று கார் செய்வதில்லை. எஞ்சியிருப்பவை குறைந்துகொண்டே வருகின்றன. திருவல்லிக்கேணியிலோ மயிலாப்பூரிலோ உங்கள் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்திய ஹெரால்டோ, பத்மினியோ, அம்பாசடரோ நின்றால், அதைக் காயலாங்கடையில் எடைக்குப் போடும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். பீரோவில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். பழைய வண்டி தெரிந்த ஒரு மெக்கானிக்கை அழைத்துச் சேஸியைக் காட்டுங்கள். சரிசெய்ய உங்களால் முடியாது என்று தோன்றினால், கற்றுக்கொள்ளத் துடிக்கும் ஒருவருக்கு, பாகம் பாகமாக உடைக்காமல், காகிதத்தோடு முழு வண்டியாகவே விற்றுவிடுங்கள்.